கழற்றாதீங்க என்று சொன்னது நான்தான்

சுங்கைப்பட்டாணியில் நான் கடைசியாக வேலை பார்த்த கடையிலிருந்து ஜெயா போன் பண்ணினாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் மேசையில் உட்கார்ந்திருப்பவள் அவள்தான்.

"ஆண்டி, ஒரு கஸ்டமர் சிடி பர்னர் கேட்கிறார். யு.எஸ்.பி.ல மாட்டுறது கொடுக்கவா, உள்ளே பொருத்துறது கொடுக்கவா?"

"அவர் கம்ப்யூட்டருக்குப் பின்னாடி என்ன ஓட்டை இருக்கு?"

"தெரியலையே. நல்ல கம்ப்யூட்டர்னு சொல்றாரு."

"நல்ல கம்ப்யூட்டர்னா என்ன லா அர்த்தம்? நல்ல மாப்பிள்ளைன்னு சொல்ற மாதிரி சொல்றே. பின்னாடி பாத்தியா, இல்லையா?"

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பழைய கம்ப்யூட்டரில் இருக்கிற யு.எஸ்.பி. ஆமை வேகம். வேகமாக எழுதச் சொன்னால் பாதியில் மூச்சு வாங்கி நின்றுவிடும், சிடி தட்டு குப்பைக்குப் போகும். உள்ளே பொருத்துவது என்றால் அந்தப் பட்டை ஒயரில் இன்னொரு வாய் காலியாக இருக்கிறதா என்று பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். மடிக்கணினிக்காரரிடம் உள்ளே பொருத்துவதை விற்றுவிட்டு அவர் திரும்பி வந்து கத்தும்போது முழிப்பதில் பிரயோஜனம் இல்லை. இவ்வளவும் சொன்னேன்.

"எதை எடுத்தாலும் பின்னாடி, பின்னாடின்னு சொல்றீங்க ஆண்டி. உங்களுக்கு அது ஒரு வியாதி," என்றாள். "அப்படி என்னதான் நடந்துச்சு? எழுதி வைங்களேன், நாங்களும் படிக்கிறோம்."

சரி, எழுதுகிறேன். என்னைக் கேலி பண்ணுவதற்கு முன்னால் இதை முழுக்கப் படித்துவிட வேண்டும், சொல்லிவிட்டேன்.

எழுபதுகளின் நடுவில், பக்கத்து ஊர் பீடோங்கில், பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு ரேடியோ கடை இருந்தது. முதலாளி ஒரு சீனர். ஊர் முழுக்க அவரைத் தவுக்கே என்றுதான் கூப்பிடும். நானும் அப்படியே கூப்பிட்டேன். நான் பக்கத்து ரப்பர் தோட்டத்துப் பெண். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டினார்கள். பள்ளியில் ஐந்தாம் பாரம் முடித்து, டைப்பிங் படித்து, எந்த ஆபீசும் கூப்பிடாமல் கடைசியில் அந்தக் கடையில் பில் எழுதச் சேர்ந்தேன். ஆறே மாதத்தில் ஈயப் பற்றவைப்புக் கம்பியைக் கையில் பிடித்துவிட்டேன். பொம்பளைப் பிள்ளைக்குக் கை நடுங்காது என்று தவுக்கே கண்டுபிடித்தார். ஒயருக்கு முனை வைத்துப் பற்றவைப்பதெல்லாம் என் வேலையாகிவிட்டது. விரலில் சுட்ட தழும்பு இன்னும் இருக்கிறது. பயிற்சி என்று சொல்வதானால் அவ்வளவுதான்.

அப்போது கேசட் ரெக்கார்டர் வந்த புதுசு. தோட்டத்து ஆட்கள் லோரியிலும் பஸ்ஸிலும் வந்து வாங்கிப் போவார்கள், ரேடியோவோடு ஒயரால் மாட்டிப் பாட்டுப் பிடிக்க. ஆனால் ஒவ்வொரு கம்பெனிக்காரனும் ஒவ்வொரு விதமாக ஓட்டை வைத்திருப்பான். சிலதில் இரண்டு வட்ட ஓட்டை, சிவப்பும் வெள்ளையும். சிலதில் ஐந்து சின்ன ஓட்டை, பாதி நிலா மாதிரி வளைந்து நிற்கும். வீட்டில் இருக்கிற ரேடியோவுக்கும் புதிதாக வாங்குகிற பெட்டிக்கும் ஓட்டை பொருந்தவில்லை என்றால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஊமையாக உட்கார்ந்திருக்கும்.

கோத்தா கோலா மூடாவிலிருந்து ஒரு மீன் வியாபாரி வந்தார். "என் ரேடியோவுக்குப் பின்னாடி ரெண்டு ஓட்டைதான், கண்ணால பாத்தேன்," என்று அடித்துச் சொன்னார். இரண்டு ஓட்டைப் பெட்டியைக் கட்டிக் கொடுத்தோம். மறுநாள் பஸ் ஏறித் திரும்பி வந்தார், ரேடியோவையே தூக்கிக்கொண்டு. அந்த இரண்டு ஓட்டையும் திருகாணி விழுந்துபோன இடம்! கடை முழுக்க மீன் வாடை, தவுக்கே முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். துடைத்துக்கொண்டே இருப்பார். அது திட்டு வாங்குவதைவிட மோசம்.

அன்றைக்குத்தான் அந்த முறையைக் கொண்டுவந்தார். பெட்டி வாங்க வருகிறவரிடம் ஒரு வெள்ளைத் தாளும் ஒரு பென்சிலும் கொடுத்து அனுப்புவோம். வீட்டுக்குப் போய் ரேடியோவின் பின்பக்கத்தில் தாளை வைத்து, பென்சிலைச் சாய்த்துப் பிடித்துத் தேய்க்க வேண்டும். சின்ன வயதில் காசுமேல் தாளை வைத்துத் தேய்ப்போமே, அதே வேலைதான். ஓட்டை எங்கே இருக்கிறதோ அங்கே அதன் வடிவம் அப்படியே விழும். அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் அலமாரியிலிருந்து பெட்டியை இறக்குவோம். வேண்டும் என்று காசை நீட்டினாலும் தவுக்கே வாங்க மாட்டார்.

"பாக்காத சாமான் விக்காதே. மனுசன் வாய் சொல்லும். ஓட்டை பொய் சொல்லாது லா," என்பார். அவர் தமிழ் அப்படித்தான் இருக்கும், ஆனால் விளங்காமல் போகாது.

இந்த முறையால் பெட்டி மாறிப் போவது நின்றது. ஆனால் வேறு தொல்லை வந்தது. ஐந்து முள் இருக்கிற முனையை நம் ஆட்கள் கழற்றிக் கழற்றி மாட்டுவார்கள். நேராகப் பிடிக்காமல் திருகிக் குத்துவார்கள். முள் வளைந்துவிடும். வாரத்துக்கு நாலு பேர் வளைந்த முள்ளோடு வந்து நிற்பார்கள், குற்றம் என்னவோ என் பற்றவைப்பில்தான் என்பது மாதிரி. எனக்குச் சின்ன வயது, வாய் வேறு நீளம். அதனால் ஒயரை விற்கும்போதே கண்டிப்பாகச் சொல்லிவிடுவேன்: "மாட்டினா மாட்டினதுதான். கழட்டாதீங்க. கழட்டிட்டு வந்தீங்கன்னா நான் பாக்க மாட்டேன்." சிலருக்கு நானே முனையை மாட்டிக் கறுப்பு டேப்பையும் சுற்றி அனுப்புவேன். தவுக்கே ஒரு தடவை அந்த டேப்பைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். இப்போது நினைத்து என்ன பண்ணுவது!

சவரிமுத்து அண்ணன் கடைக்கு வந்தது அந்தச் சமயத்தில்தான். எங்கள் தோட்டத்துக்கு அடுத்த தோட்டம், நாற்பது வயது இருக்கும். தவக்காலத்தில் கோயிலில் பாடுகளின் புலம்பலை அவர் பாடினால் இந்து வீட்டுப் பெண்கள்கூட வாசலில் வந்து நின்று கேட்பார்கள். அப்படிப்பட்ட ஆள், கடையில் வந்து பேசியபோது குரல் தகரத்தில் ஆணி கீறுகிற மாதிரி இருந்தது. சளி என்று நினைத்தேன்.

"தங்கச்சி, பேச்சைப் பிடிக்கிற பெட்டி ஒண்ணு வேணும். மச்சான் கொடுத்த பழைய பெரிய ரேடியோ வீட்ல இருக்கு. அதோட மாட்டிக் கேக்கிற மாதிரி வேணும். சத்தமா, தெளிவா கேக்கணும்."

தாளும் பென்சிலும் எடுத்து நீட்டினேன். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். ஏற்கெனவே தேய்த்துக் கொண்டுவந்திருந்தார், யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஐந்து ஓட்டை, பாதி நிலா, பளிச்சென்று இருந்தது.

"என்ன அண்ணே, பாட்டுப் பிடிக்கப் போறீங்களா?" என்று கேட்டேன், சும்மா ஒரு பேச்சுக்கு.

"தொண்டையில புத்து, தங்கச்சி. பினாங்கு பெரிய ஆஸ்பத்திரியில குரல்வளையை எடுக்கப் போறாங்க. செவ்வாய்க்கிழமை காலையில. உசிரு நிக்குமாம், பேச்சு வராதாம்." கொஞ்சம் நின்று எச்சில் விழுங்கினார். "எம் பொண்டாட்டிக்கு என் சத்தம் தெரியும், பதினஞ்சு வருசமா கேக்கிறா, அவளுக்குச் சலிச்சே போயிருக்கும். சின்னது ஒண்ணு இருக்கு, ஸ்டெல்லா. கல்யாணமாகி ரொம்ப நாள் கழிச்சுப் பொறந்தது. இப்பதான் ஒண்ணரை வயசு. அதுக்கு எதுவும் ஞாபகம் இருக்காது. அப்பன் குரல் எப்படி இருக்கும்னே தெரியாம வளந்திரும். அதுதான் தாங்க முடியலை."

அந்த மனுஷனுக்கு நம்மால் முடிந்தது நல்ல பெட்டி என்று, ஐந்து ஓட்டை வைத்த பெட்டியில் இருப்பதிலேயே நல்லதாகப் பார்த்து எடுத்தேன். உள்ளேயே மைக் இருக்கிற பெட்டி. பேசிப் பார்த்தேன், நன்றாகப் பிடித்தது. பிறகு ஒயரை மாட்டிக் கடை ரேடியோவோடு இணைத்து ஒரு கேசட் போட்டுப் பார்த்தேன், நன்றாகக் கேட்டது. இரண்டும் சரி. ஒயரைக் கழற்றாமலே கறுப்பு டேப் சுற்றி, என் வழக்கமான பாட்டைப் பாடினேன். "அண்ணே, இந்த முனையை மட்டும் எதுக்காகவும் கழட்டாதீங்க. ரேடியோ பக்கத்து முனையை மட்டும் ஒரு தடவை மாட்டிருங்க, போதும்."

"கழட்ட மாட்டேன் தங்கச்சி," என்று சத்தியம் பண்ணுகிற மாதிரி சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு மணி நேரம் பேசியிருக்கிறார். இரண்டு பக்கமும் முழுக்க. அதைப் போட்டுக் கேட்க அவர் மனைவி லூர்து அக்கா விடவில்லை. உயிரோடு ஆள் வீட்டில் இருக்கும்போது கடைசிப் பேச்சைப் போட்டுக் கேட்பது அபசகுனம், ஆபரேசன் நல்லபடி முடிந்து வந்த பிறகு கேட்கலாம் என்று கேசட்டை எடுத்து மாதா படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டார். நம் ஆட்கள் வேறெப்படிச் செய்வார்கள்? நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். அன்று சாயங்காலமே அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று.

திங்கட்கிழமை காலை லூர்து அக்கா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைக்கு வந்தார். பினாங்குக்குப் போகிற வழி. கேசட்டை என் கையில் கொடுத்து, "ஒண்ணுக்கு ரெண்டா எடுத்து வைம்மா. இது அறுந்து கிறுந்து போச்சுன்னா எம் பிள்ளைக்கு வேற எதுவும் இல்லை. சாயங்காலம் வந்து வாங்கிக்கிறேன்," என்றார். பஸ் வந்துவிட்டது, ஓடினார்.

கேசட்டைப் போட்டேன். 'உஸ்' என்ற இரைச்சல் மட்டும் வந்தது. சத்தத்தைக் கூட்டினேன், இரைச்சல்தான் கூடியது. ஓட்டிப் பார்த்தேன், திருப்பிப் போட்டேன். ஒரு சொல் இல்லை. இருமல்கூட இல்லை.

தவுக்கே பக்கத்தில் வந்து நின்று கேட்டார். பிறகு அலமாரியிலிருந்து அதே மாதிரி இன்னொரு பெட்டியை எடுத்து என் முன்னால் வைத்தார். நான் ஒயரை மாட்டிவிட்டு, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று பேசினேன். ஓட்டிப் போட்டால் ஒன்றும் இல்லை. ஒயரைப் பிடுங்கிவிட்டுப் பேசினேன். கணீரென்று கேட்டது.

அந்தப் பெட்டியில், பின்னாடி ஓட்டையில் முள் ஏறினால் உள்ளே இருக்கிற மைக் செத்துவிடும். ஒயர் வழியாக வருவதை மட்டும்தான் பிடிக்கும். ரேடியோ அணைந்து கிடந்தது, ஒயர் வழியாக என்ன வரும்? நான் மைக்கைத் தனியாகப் பார்த்தேன், ஒயரைத் தனியாகப் பார்த்தேன். ஒயர் மாட்டியிருக்கும்போது மைக் பேசுமா என்று பார்க்கவில்லை. பார்க்காததோடு, கழட்டாதே என்று டேப் வேறு சுற்றிக் கொடுத்திருக்கிறேன். பாவி! அந்த மனுஷன் சொன்ன சொல் தவறாமல் கழட்டாமலே வைத்து, செத்த பெட்டியிடம் ஒரு மணி நேரம் பேசியிருக்கிறார்.

நான் மேசையில் தலையை வைத்து அழுதேன். தவுக்கே கண்ணாடியைக் கழற்றுவார் என்று எதிர்பார்த்தேன். கழற்றவில்லை.

"ஏன் அழுறே? அந்த ஆள் இன்னிக்கி பேசுது லா. நாளைக்கித்தான் பேசாது. மெஷின் எடு. பேட்டரி புதுசு எடு."

பட்டப்பகலில் கடைக் கதவை இழுத்துச் சாத்தினார். சீனப் பெருநாளைத் தவிர வேறு நாளில் அந்தக் கதவு சாத்தி நான் பார்த்ததில்லை. அவருடைய பழைய வேனில் ஏறினோம். வழியில் ஒரே ஒரு தடவைதான் பேசினார். "நான் சொல்ல மாட்டேன். உன் வாய் கழட்டாதேன்னு சொல்லிச்சு. உன் வாய்தான் போய் உண்மை சொல்லணும்." பட்டர்வொர்த்தில் பினாங்குக்குப் போகிற பெர்ரிக் கப்பலுக்கு வரிசையில் நின்றோம். மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு, மாதாவே, மாதாவே என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

வார்டுக்குள் நுழைந்தபோது பார்வையாளர் நேரம் முடிய அரை மணிதான் இருந்தது. சவரிமுத்து அண்ணன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். லூர்து அக்கா பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அக்காவின் முகம் மாறிவிட்டது. கடைக்காரப் பெண் ஆஸ்பத்திரிக்கு வந்தால் நல்ல சேதி கொண்டு வர மாட்டாள் என்று யாருக்குத்தான் தெரியாது!

சொன்னேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன். "கேசட்டுல ஒண்ணும் இல்லை அண்ணே. தப்பு உங்க மேல இல்லை, பெட்டி மேலயும் இல்லை. நான் கழட்டாதீங்கன்னு சொன்னேன் பாருங்க, அதுதான் தப்பு."

"ஒரு மணி நேரம் பேசினாரேடி!" என்று அக்கா கத்தினார். "ரத்தம் வர்ற தொண்டையை வச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் பேசினாரு! நடுவுல நடுவுல தண்ணி குடிச்சுக்கிட்டுப் பேசினாரு! உனக்கு விளையாட்டாப் போச்சா?" கையில் சோற்றுக் கரண்டியோடு என்னை அடிக்க வந்தார். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். வார்டில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். தவுக்கே என் பக்கத்தில் வந்து, கையைக் கட்டிக்கொண்டு, அவரும் குற்றவாளி மாதிரி நின்றார்.

அண்ணன் கையைத் தூக்கினார். அக்கா நிறுத்தினார். அவர் தோள் குலுங்கியது, அழுகிறார் என்று நினைத்தேன். மனுஷன் சிரிக்கிறார்!

"விடு லூர்து. ஞாயித்துக்கிழமை நான் பேசினது சாமியார் பிரசங்கம் மாதிரி இருந்துச்சு. நல்லா படி, பொய் சொல்லாதே, பெரியவங்களுக்கு மரியாதை கொடு. எனக்கே கொட்டாவி வந்துச்சு. போனா போகட்டும்."

மலாய்க்கார நர்ஸ் மிஸ்ஸி ஒருத்தி வந்து, என்ன சத்தம் என்று அதட்டினாள். தவுக்கே அவளிடம் மலாயில் விஷயத்தைச் சொன்னார். அவள் எங்களைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள். தொண்டைக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், அதனால் பதினைந்து நிமிஷம்தான் என்று சொல்லி, மாடிப்படிப் பக்கம் இருந்த நடையில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தாள். அந்தப் புண்ணியவதி எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

பெட்டியின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தேன், ஓட்டையில் எதுவும் இல்லை. இன்னொரு தடவை தடவிப் பார்த்தேன். பொத்தானை அமுக்கினேன்.

அண்ணன் பெட்டியைப் பார்த்தார். "என்ன பேசறது?" என்றார். "சொன்னதெல்லாம் சொல்லியாச்சே."

"எதையாவது பேசுங்க," என்றார் அக்கா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "ஆட்டுக்குத் தழை வைக்காம வந்துட்டேன், அதைப் பத்திக்கூடப் பேசுங்க."

"தழை வைக்காமலா வந்தே? அது கயித்தை அறுத்துக்கிட்டு ஆபீஸ் கிராணி வீட்டுத் தோட்டத்துல மேயப் போகுது, பாரு." அப்படித்தான் ஆரம்பித்தார். அக்காவின் சாம்பாரில் உப்பு போதாது என்றார். கூரையில் ஒழுகிற இடத்தை மச்சானை விட்டு அடைக்கச் சொன்னார். அக்கா பதில் சொன்னார், சண்டை பிடித்தார், எல்லாம் கேசட்டில் ஏறியது. நடுவில் ஸ்டெல்லா, அம்மாவின் மடியிலிருந்து நழுவி, படிப் பக்கம் தத்தித் தத்தி நடந்தாள். அண்ணன் பதறிப்போய், இருந்த குரலையெல்லாம் திரட்டிக் கூப்பிட்டார். "ஸ்டெல்லா! ஏய் குட்டி! எங்கே போறே? அப்பாகிட்ட வா!" தவுக்கே ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கி வந்து அவர் மடியில் வைத்தார். பிறகு அண்ணன் பிள்ளையிடம் என்னென்னவோ கொஞ்சினார். அதை எழுத மாட்டேன். அது அவர்கள் வீட்டுச் சொத்து.

பதினைந்து நிமிஷம் முடிந்தது. நான் பொத்தானை அமுக்கி நிறுத்திவிட்டு, "போட்டுக் கேக்காம நான் இந்த இடத்தை விட்டுப் போக மாட்டேன்," என்றேன். அபசகுனம் என்று அக்கா காதைப் பொத்தினார். "கேட்டுரலாம் லூர்து. நான் இங்கதானே உக்காந்திருக்கேன், எந்தச் சகுனம் என்ன பண்ணும்," என்றார் அண்ணன். போட்டேன். ஆட்டிலிருந்து ஆரம்பித்து அத்தனையும் இருந்தது. அக்கா மெதுவாகக் கையை எடுத்தார். உப்பு போதாது என்று கேசட் சொன்னபோது, "பாரு, உலகத்துக்கே சொல்லிட்டாரு," என்று அழுதுகொண்டே சிரித்தார்.

மறுநாள் குரல்வளையை எடுத்தார்கள். உயிர் நின்றது. கழுத்தில் ஓட்டையோடு பால்மரம் வெட்டப் போக முடியாது என்று தோட்டத்தில் ஸ்டோர் காவல் வேலை கொடுத்தார்கள். அதன் பிறகு மைக்கும் ஒயரும் இருக்கிற எந்தப் பெட்டியையும் இரண்டும் சேர்ந்திருக்கும்போது என்ன ஆகிறது என்று பார்க்காமல் நான் விற்றதில்லை. கறுப்பு டேப்பை அன்றைக்கே தூக்கிக் குப்பையில் போட்டேன்.

நாலைந்து வருஷம் கழித்து, பள்ளிக்கூட விடுமுறையில் ஒரு நாள், அண்ணன் கடைக்கு வந்தார். கழுத்தில் துணி கட்டியிருந்தார். கூடவே ஸ்டெல்லா, இரட்டைச் சடை போட்டுக்கொண்டு, முன்பல் இல்லாமல். கேசட்டை மேசையில் வைத்து, விரலால் சுற்றிக் காட்டி, தேய்ந்துவிட்டது, புதிதாக இன்னொன்று எடுக்க வேண்டும் என்று சைகை காட்டினார். ஆபரேசனுக்குப் பிறகு எடுத்து வைத்த நகலும் தேய்ந்துவிட்டதாம். அவ்வளவு போட்டிருக்கிறார்கள்.

இரண்டு பெட்டியையும் ஒயரால் இணைத்து ஓட விட்டேன். ஆடு, சாம்பார், கூரை என்று போய்க்கொண்டிருந்தது. ஸ்டெல்லா கடையின் மறு கோடியில் கலர் பல்புச் சரத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். கேசட் பதறிப்போய்க் கூப்பிட்டது. "ஸ்டெல்லா! ஏய் குட்டி! எங்கே போறே? அப்பாகிட்ட வா!"

"இந்தா வர்றேம்ப்பா," என்று சொல்லி அவள் ஓடி வந்தாள். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அண்ணாந்து அவர் வாயையே பார்த்தாள். பெட்டியை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.